தாச்சியில் வறுத்த பிளக்குகள்

பெற்றோல் நனைந்த இரும்பு சூடாகும்போது எழும் நெடி முதலில் நாக்கில்தான் வந்து ஒட்டும். மொன்றியலின் லாசாலில் எங்கள் வீட்டுக் குசினியில், மீன் பொரிக்கிற “தாச்சி”யில் அப்பா எங்கள் வான் வண்டியின் நான்கு ஸ்பார்க் பிளக்குகளை வறுத்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமையை அந்த நெடியோடுதான் என்னால் நினைக்க முடிகிறது. ஆண்டைச் சொல்வது எளிது: ஹொக்கி லீக் ஆட்டங்கள் முழுதாக நின்றுபோன குளிர்காலம் அது, ஆகவே 2005. மாதம் ஜனவரி, நத்தார் நட்சத்திரத்தை ஜன்னலிலிருந்து இறக்கியிருந்தோம். எனக்குப் பத்து வயது.

“தாச்சியை எஞ்சினுக்குக் குடுத்திட்டீங்கள். நாளைக்கு வானுக்குள்ள சோறு சமைப்பீங்களோ?” என்றார் அம்மா, ஜன்னலை அகலத் திறந்தபடி.

அம்மா கோபப்பட்டதற்குத் தாச்சி ஒரு சாட்டுத்தான். ஊரில் விவசாயம் படித்தவர் அவர். மொன்றியலுக்கு வந்தபிறகு ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். பலமுறை விண்ணப்பித்தபின், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருக்கும் விவசாய வளாகத்தின் விதை ஆய்வுகூடத்திலிருந்து, ஒருநாள் வந்து வேலை செய்து காட்டும்படி அழைத்திருந்தார்கள். அந்த நாள் திங்கட்கிழமை. மொன்றியல் தீவின் மேற்கு நுனியிலுள்ள அந்த இடத்துக்கு விடியற்காலையில் பஸ் மாறி மாறிப் போனால் நேரத்துக்குப் போய்ச் சேரலாம் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. “பஸ் என்னத்துக்கு? நான் கொண்டுபோய் விடுறன்” என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த வாக்கைக் காப்பாற்ற எடுத்த கவனமே வானைக் கெடுத்தது. அப்பா மன்னார்க் கடலில் மீன்பிடித் தொழில் செய்தவர், அப்போது டவுன்டவுனில் ஒரு உணவகச் சமையலறையில் இருந்தார். கடலுக்குப் போவதற்கு முந்தின நாள் கரையிலேயே படகு எஞ்சினை இயக்கி, சத்தத்தைக் கேட்டு, திருப்தியோடு நிறுத்திவிடுவது அவர்கள் வழக்கம். அதன்படி, பூசை முடிந்து வந்ததிலிருந்து அவர் அடிக்கடி கீழே இறங்கிப்போய் வானை இயக்குவதும், காதைச் சாய்த்துக் கேட்பதும், நிறுத்துவதுமாக இருந்தார். மூக்கு மயிர் உறைகிற அந்தக் குளிரில், எஞ்சின் சூடேறுமுன் அப்படித் திரும்பத் திரும்ப நிறுத்தினால் பெற்றோல் எரியாமல் தேங்கும் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. கடைசியில் பிளக்குகள் நனைந்து, வான் இருமுவதையும் விட்டுவிட்டது.

நனைந்த பிளக்கைக் கழற்றிச் சூடாக்கிக் காயவைப்பதும் கரைப் பழக்கம்தான். ஆனால் படகு எஞ்சினில் பிளக் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். வானிலோ அது ஆழமான குழிக்குள் இருந்தது. அதற்காக அப்பாவிடம் தாமே செய்த இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று, இரும்புக் குழாயின் நுனியைப் பழுக்கக் காய்ச்சி, ஒரு போல்ட்டின் தலைமேல் பொருத்தி அடித்து ஆறுமூலையாக்கிய “குழாய் ஸ்பானர்”. பிளக்கைத் திருகிக் கழற்ற அது. கழன்ற பிளக்கைக் குழியிலிருந்து தூக்கவும் திரும்ப இறக்கவும் மற்றது: கட்டடக் காவலர் மிசியு டோனி தம் நிலவறையில் வைன் வடிக்கும் கண்ணாடி நிறப் பிளாஸ்டிக் குழாயில், அன்று கேட்டு வாங்கி வெட்டிய ஒரு முழத் துண்டு. பிளக்கின் தலையில் அதை அழுத்தினால் கவ்விக்கொள்ளும். நான்கு பிளக்குகளும் அப்படித்தான் வெளியே வந்தன.

வறுபட்ட பிளக்குகளை ஒரு துவாயில் சுற்றிக்கொண்டு அப்பா இறங்கினார். அம்மாவின் தம்பி றெஜி மாமாவும் அதற்குள் வந்துவிட்டார். எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழேதான் வான் நின்றது; நெடி போகத் திறந்த ஜன்னல் ஆகையால் பேச்செல்லாம் எனக்குக் கேட்டது.

“அத்தான், இது குழாயோ தடியோ?”

அப்பா குழாயை வானின் பம்பர்மேல் விட்டுவிட்டுப் போயிருந்தார். அது குளிரில் விறைத்துவிட்டிருந்தது. அழுத்திக் கொடுத்த முதல் பிளக் கவ்வில் நிற்காமல் குழிக்குள் “டக்” என்று விழுந்தது.

“நாளைக்கு நான் பஸ்ஸிலயே போறன்,” என்று மேலே என் பக்கத்தில் நின்ற அம்மா சொன்னார். சொல்லிவிட்டு, கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அவரே இறங்கிப் போனார்.

குழாயை வாங்கி இரண்டாக நறுக்கினார். இரண்டையும் கோட்டுக்குள் விட்டு, அக்குளுக்கு ஒன்றாக இடுக்கிக்கொண்டார்.

“அக்கா, காய்ச்சலோ? எத்தினை டிகிரி?”

“வாயை மூடிக்கொண்டு லைட்டைப் பிடியடா. இஞ்சருங்கோ, ஒண்டு இளகீட்டுது. கெதியாப் பிடியுங்கோ.”

ஒரு துண்டு குழிக்குள் வேலை செய்யும்போது மற்றது அக்குளில் சூடேறியது. விறைக்க விறைக்க மாற்றினார்கள். விழுந்த பிளக்கை இளகிய குழாயால் தூக்கிப் பார்த்தபோது அது உடையவில்லை, நுனியில் பொறி பாயும் இடைவெளி மட்டும் நெருங்கியிருந்தது. அப்பா அதை நகவெட்டியின் அலகால் மெல்ல அகலப்படுத்தினார். நாலாவது பிளக்கும் இறுகியபின் சாவியைத் திருப்பினார். வான் கனைத்து, கரும்புகை தள்ளி, ஓடத் தொடங்கியது.

உடனே அப்பாவின் கை சாவிக்குப் போனதை நான் மேலிருந்து கண்டேன்.

“நிப்பாட்டாதேங்கோ!” என்று அம்மா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. நன்றாகச் சூடேறும்வரை வானைச் சுற்றிப் பனிக்குள் நின்றார்கள் மூவரும்.

திங்கட்கிழமை அம்மா நேரத்தோடு போய்ச் சேர்ந்தார். ஒரு நாள் என்று கூப்பிட்டவர்கள், மறுநாளும் வரச் சொன்னார்கள்; அந்த மறுநாள் இன்னும் முடியவில்லை. அடுத்த கோடையில் அவர் சாரதி அனுமதிப் பத்திரமும் எடுத்துக்கொண்டார்.

எங்கள் வான் பழைய இரும்புக்குப் போய்விட்டது. மிசியு டோனியின் நிலவறையை இப்போது துவைக்கும் இயந்திரங்கள் நிறைத்திருக்கின்றன. சென்ற வாரம் அம்மா புதிதாக வாங்கிய மின்சாரக் காரில் நாங்கள் பூசைக்குப் போனோம். ஓட்டியவர் அம்மா. பக்கத்திலிருந்த அப்பா, வழக்கம்போலக் காதைச் சாய்த்து, சிவப்பு விளக்கில் கார் நின்றபோது இன்னும் கொஞ்சம் குனிந்து கேட்டார்.

“ஒரு சத்தத்தையும் காணேல்லையே.”

“ஓம், நிம்மதி,” என்ற அம்மா, பச்சை விழுந்ததும் காரை எடுத்தார்.