படத்தில் இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறான்

“புத்தகத்தில் இப்படி இல்லை” என்று படத்துக்கு நடுவே சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சலாக வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை நானே அதைச் சொல்லித் தொலைத்தேன்.

தாராவியில் நான் பிறந்து வளர்ந்த அதே அறை. அப்பா, அம்மா, தம்பி மூவரும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். தம்பி புதிதாக வாங்கிய டிவி பாதிச் சுவரை அடைத்துக்கொண்டிருந்தது. நான் டோம்பிவிலியில் இருக்கும் என் வீட்டிலிருந்து அம்மா வைக்கும் மீன்குழம்புக்காக வந்திருந்தேன். சாப்பிட்டு முடித்ததும் தம்பி ஒரு படம் போட்டான். அமெரிக்காவில் எங்கேயோ ஒரு சோளக்காடு, நடுவில் ஒரு வீடு, அப்பா அம்மா இரண்டு பிள்ளைகள். சுழல்காற்று வரப்போகிறது. எல்லோரும் சுத்தமான தமிழில் பேசிக்கொண்டார்கள்.

பத்து நிமிஷத்தில் எனக்குப் பிடிபட்டுவிட்டது. இது நான் படித்த நாவல். மாட்டுங்காவில் நடைபாதைப் புத்தகக் குவியலிலிருந்து எடுத்தது. டோம்பிவிலியில் ஏறி, தாணேயில் வண்டி மாறி, ஐரோலி ஆபீஸ் போய்ச் சேரும்வரை லேடீஸ் பெட்டியில் நின்றபடியே இரண்டு மாதம் படித்தேன். தெரியாத இங்கிலீஷ் வார்த்தைகளைத் தாண்டித் தாண்டித்தான் முடித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்குச் சந்தேகத்துக்குக் குறைவில்லை. “இம்புட்டு வசதியுள்ளவன் எதுக்குட்டி பலகையில வீடு கட்டியிருக்கான்? காங்கிரீட்டு போட வேண்டியதுதான?”

“அரே, படத்தப் பாக்க விடும்மா” என்றான் தம்பி.

அப்பா பரணுக்குப் போகும் இரும்பு ஏணியில் முதுகைச் சாய்த்துக் கீழே உட்கார்ந்திருந்தார். தோல்பை தைக்கிற வேலையில் முதுகு போய்விட்டது. அந்த ஏணிதான் அவருக்கு நாற்காலி.

கட்டம் வந்தது. காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிறது. ஒளிந்துகொள்ளும் நிலவறை தோட்டத்தின் மறுகோடியில் இருக்கிறது. அந்த அப்பா மகனைத் தோளில் போட்டு, மகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடுகிறான். வயலின்கள் கதறின. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஒங்க அப்பா மாதிரியே” என்றாள்.

அங்கேதான் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“புத்தகத்துல இப்படி இல்லம்மா. மொதல்ல பையன மட்டுந்தான் கொண்டு போவான். பொண்ணு வீட்டுக்குள்ளயே இருக்கும்.”

“சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுக்காதட்டி” என்றாள் அம்மா. தம்பி சத்தத்தைக் கூட்டி வைத்தான். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அல்லது அந்தப் பக்கம் முகத்தை வைத்திருந்தார்.

எங்கள் வீட்டிலும் ஒரு கதை உண்டு. எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு நாலு. பம்பாயே முங்கிப்போன பெருமழை. அம்மா மாட்டுங்காவில் சமையல் வேலைக்குப் போன வீட்டிலேயே மாட்டிக்கொண்டாள், மறுநாள்தான் வந்தாள். அப்பா ஒருத்தர்தான் எங்களோடு இருந்தார். கழுத்தளவு தண்ணீரில் ஒரு பிள்ளையைத் தோளிலும் ஒரு பிள்ளையை இடுப்பிலும் வைத்து, தெருமுனைக் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்து மாடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். கல்யாண வீடுகளில் இந்தக் கதையைச் சொல்வது அம்மாதான். அன்றைக்கு அங்கே இல்லாதவள்தான் அதை எல்லோரையும்விட நன்றாகச் சொல்வாள். தம்பி தன் சேக்காளிகளிடம் இந்தியில் சொல்லும்போது அப்பா நீந்தியே வந்துவிடுவார்.

என் ஞாபகம் வேறு. அப்பா தம்பியை மட்டும் தோளில் ஏற்றிக்கொண்டார். என்னைப் பரணில் உட்காரவைத்து, “இங்கனயே இரி, இந்தா வந்துருதேன்” என்று இறங்கிப் போனார். அவர் போகும்போது தண்ணீர் ஏணியின் மூன்றாவது படியில் நின்றது. திரும்பி வரும்போது ஏழாவது படி. நடுவில் எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது ஞாபகம் இருக்கிறது. யாரோ ஒருவரின் நீலச் செருப்பு வீட்டுக்குள் வந்து சுற்றிக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது.

ஆனால் இதையும் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியவில்லை. அம்மா சொல்லிச் சொல்லி, அப்பாவின் இடுப்பில் நானும் எதிரே தோளில் தம்பியும் போவது எனக்குக் கண்ணிலேயே தெரிகிறது. தம்பியின் கால் என் மூக்கில் இடிப்பதுகூடத் தெரிகிறது. நடந்தது எது, சொல்லிச் சொல்லி நடந்துபோனது எது என்று பிரித்தெடுக்கப் போனால் தலை சுற்றுகிறது. முப்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது, வீட்டுக் கடன் கட்டுகிறேன், ஆபீசில் பத்துப் பேரை வேலை வாங்குகிறேன். ஆனாலும் அப்பா அன்றைக்கு என்னை விட்டுவிட்டுப் போனாரா இல்லையா என்று மட்டும் எனக்குத் தெரிந்தாக வேண்டும். வெட்கமாகத்தான் இருக்கிறது. அவரிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

படம் சுபமாக முடிந்தது. நாய்கூடப் பிழைத்துக்கொண்டது. சாயங்காலம் நான் கிளம்பியபோது, எப்போதும் போல அப்பா சயான் ஸ்டேஷன்வரை கூட வந்தார். பிளாஸ்டிக் மூட்டை ஏற்றிய கைவண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி இருவரும் நடந்தோம். அந்தக் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்து வாசல் வந்ததும் நின்றுவிட்டார். முதுகு வலிக்கிறதாக்கும் என்று நினைத்தேன்.

“அந்தப் பொஸ்தகத்துல அந்தப் பொம்பளப்பிள்ளைக்கு என்னாச்சு?” என்று கேட்டார்.

“ஒண்ணும் ஆகலப்பா. அவன் திரும்பி வந்து தூக்கிட்டுப் போயிருவான்.”

“லேட்டா வந்தானோ?”

“ஆமா. ரொம்ப லேட்டு.”

“ஏன் லேட்டாச்சுன்னு அதுல போட்டிருக்கா?”

யோசித்துப் பார்த்தேன். நான் தாண்டிப்போன வார்த்தைகளுக்குள் அது இருந்ததா என்றுகூட யோசித்தேன். அந்தப் பக்கத்தை மட்டும் மூன்று தடவை படித்திருக்கிறேன்.

“போடலப்பா.”

அப்பா பள்ளிக்கூடத்துப் படியைப் பார்த்தார். அதைத் தாண்டி, நாங்கள் வந்த சந்தின் பக்கம் பார்த்தார். அங்கிருந்து எங்கள் வீடு ஐந்து நிமிஷ நடை.

“நின்னிருப்பான்” என்றார். “பையன எறக்கி விட்டுட்டுத் திரும்பிப் பாத்திருப்பான். பாத்துட்டு அப்பிடியே நின்னிருப்பான். ரொம்ப நேரம்.”

எனக்குக் கோபம் வந்தது. அதே நேரத்தில் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டில் எதைச் செய்வது என்று தெரியாமல் பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். பின்னால் ஒரு ஸ்கூட்டர்க்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். நாங்கள் ஓரமாக நகர்ந்தோம்.

“பொறவு வந்துட்டாம்லா” என்றேன்.

“வந்துட்டான்” என்றார். கொஞ்சம் கழித்து, என்னைப் பார்க்காமலேயே சொன்னார். “அவனுக்கு நீச்சல் தெரியாதுல்லா.”

அந்தப் படத்திலும் சரி, நாவலிலும் சரி, ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. முழுக்கக் காற்றுதான்.

“ஆமாப்பா, தெரியாது” என்றேன்.