சித்தி அடக்கிய ஒரு மணி நேரம்

என் சித்திக்குச் சிறுநீர்ப்பையில் தீராத வலி இருந்தது. கிருமியும் இல்லை, கல்லும் இல்லை. முற்றாக மாறாது, ஆயினும் அடக்கி ஆளலாம் என்றார் மருத்துவர். வலி கிளம்பினால் கால் மணி நேரமும் சிறுநீரை அடக்க முடியாது. வத்தேகமையில் பலரும் அறிந்த ஆசிரியை, அதைப் பேருந்தில் எப்படிச் சொல்வார்? ஆகவே, சிகிச்சைக்காகக் கண்டிக்குப் போகும் சனிக்கிழமைகளில் ஏழு வயதான என்னையும் அழைத்துச் சென்றார். துணைக்கு என்றார்கள் வீட்டில். நான் போனதோ சாக்காக.

“தம்பி, கொஞ்சம் நிப்பாட்டுங்க. புள்ளைக்கு அவசரம்.”

நடத்துநர் மடவளைக்காரர். “மகாவலி கங்கையே இவட வயித்துக்குள்ளதான் இரிக்கி போல, டீச்சர்!” என்பார். பேருந்தே சிரிக்கும். சாலையோரத் தையற்கடையின் பின்கட்டுக் கழிப்பறைக்கு என்னைக் கைப்பிடித்து அழைத்துப்போய், என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டுச் சித்தி உள்ளே போவார். என் கூலி ஒரு டொபி மிட்டாய்.

பிறகு சிகிச்சை மாறியது. மெல்லிய குழாய்வழி மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்துவார்கள். அது ஒரு மணி நேரம் உள்ளே தங்க வேண்டும். முதல் இரு முறையும் சித்தி பாதி வழியில் தோற்றிருந்தார். இவற்றையெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் முறை திரும்பி வருகையில், சித்தியின் நெற்றி வியர்த்திருந்தது. பார்வை கைக்கடிகாரத்தை விட்டு அகலவில்லை. அந்த முகத்தை நான் அறிவேன். ஆனால் தையற்கடை நெருங்கியும் அவர் வாய் திறக்கவில்லை. கூச்சப்படுகிறார் என்று எண்ணி, நானே எழுந்து கத்தினேன்:

“அண்ணே, நிப்பாட்டுங்க! எனக்கு அவசரம்!”

பேருந்து நின்றது. “கங்க பெருகிட்டு!” என்றார் நடத்துநர்.

“நெசமாவாடி?” என்றார் சித்தி.

“ஒங்களுக்குத்தான் சித்தி,” என்று காதில் சொன்னேன்.

அவருக்குச் சிரிப்பு பொங்கியது, கூடவே வலியும். முன்னிருக்கைக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டார். “சிரிக்க வைக்காதடி, பாவி.” பிறகு நிமிர்ந்து, வகுப்பறைக் குரலில் சொன்னார்: “போங்க தம்பி. புள்ள அடக்கிக்குவா.”

வீட்டை அடைந்ததும் நேரே உள்ளே போனார். வெளியே வந்து, மருத்துவர் எழுதச் சொன்ன கொப்பியில் அடக்கிய நேரத்தைக் குறித்தார்: ஒரு மணி ஐந்து நிமிடம். அதை எனக்கு விரித்துக் காட்டி, இரண்டு டொபி தந்தார்.

சித்தி இன்றும் கற்பிக்கிறார். வலி வருகிறது, போகிறது, பேருந்தில் தனியாகவே பயணம் செய்கிறார். அன்று நானோ, டொபியைப் பிரிக்காமலே கையில் வைத்துக்கொண்டு, என் வேலை போய்விட்டதே என்று அழுதேன்.