இரண்டாம் தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் நடுவே

போன வெள்ளிக்கிழமை ஒரு பட்டுப்புடவை கிட்டத்தட்ட என்னுடையதாகிவிட்டது. ஒரு மூச்சுதான் பாக்கி.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருக்கோடியில் ஒரு சின்ன அம்மன் கோயில். அம்மனுக்குச் சாத்திய புடவைகளை அவ்வப்போது ஏலம் விடுவார்கள். சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போனேன்... அப்படிச் சொல்லிக்கொண்டு போகிறவர்கள்தானே முதலில் கை தூக்குவார்கள்?

மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். பார்த்ததும் கேட்டுவிட்டேன். எதிரே ஒரு பெண்மணியும் விடாமல் கேட்டார். நான் ஏற்ற, அவர் ஏற்ற... கடைசியில் அவர் நின்றுவிட்டார்.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்றார் ஏலம் விட்ட கோயில் நிர்வாகி.

அப்போதுதான் அந்தப் பெண்மணியின் மகள் பேசியது காதில் விழுந்தது.

"வுடும்மா. அம்மனுக்குக் குடுத்தது, யார் கட்டினா என்னா?"

"போன வருஷம் நீ ஆஸ்பத்திரியில கெடந்தப்ப வேண்டிக்கினு நெய்ஞ்சதுமா. கல்யாணத்துக்கு நீ கட்டணும்னு ஒரு ஆச, அவ்ளோதான்."

சட்டென்று நிர்வாகி பக்கம் திரும்பினேன். "சார், நான் கேட்டதை வாபஸ் வாங்கிக்கிறேன்."

"கேட்டா கேட்டதுதான்மா."

"இன்னும் மூணு தரம் சொல்லலையே சார்?"

சட்டக் கல்லூரியில் நான் தூங்காமல் கேட்ட ஒரே பாடம் ஒப்பந்தம். ஒருவர் கேட்க வேண்டும், இன்னொருவர் ஏற்க வேண்டும், பதிலுக்கு ஏதாவது கைமாற வேண்டும், இருவரும் நிஜமாகவே கட்டுப்பட நினைத்திருக்க வேண்டும். ஏலத்தில் நாம் கத்துவது வெறும் கேள்வி. 'மூணு தரம்' என்பதுதான் ஏற்பு. அதுவரை யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை. ஒரு மூச்சு இடைவெளி... அதில் ஒரு மனசு மாற இடம் விட்டு வைத்திருக்கிறார்களே! நினைக்க நினைக்க பிரமிப்பாக இருக்கிறது.

நிர்வாகி சிரித்துவிட்டார். "சரி, அந்தம்மா முன்ன கேட்ட வெலைக்கே..."

"அதுவும் செல்லாது சார்" என்றேன் - என் வாய் சும்மா இருக்குமா? நான் அதிகம் கேட்டபோதே அவர் கேட்டது காலாவதி. அவர் புதிதாகத்தான் கேட்க வேண்டும், குறைத்தும் கேட்கலாம், மற்றவர்களும் போட்டிக்கு வரலாம் என்று விளக்கமாகச் சொல்லி முடித்தேன். பிறகுதான் உறைத்தது... மண்டபம் நிறைய ஜவுளி வியாபாரிகள். நல்லது செய்யப் போய் நானே கெடுத்துவிட்டேனா?

அந்தப் பெண்மணி எழுந்து நின்றார். "முன்ன சொன்ன வெலையேதான்பா. அம்மன் காதுல வுழுந்துட்ச்சு, இனிமே கொறைக்கக் கூடாது."

யாரும் வாய் திறக்கவில்லை. அதுவரை எல்லாப் புடவைக்கும் கை தூக்கிய ஒரு வியாபாரி, கைகளைக் கட்டிக்கொண்டு அம்மனையே பார்த்துக்கொண்டிருந்தார். நிர்வாகி மூன்று தரத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

பேசாமல் இருப்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறது சட்டம்.

அதை எழுதியவர் எங்கள் கோயில் ஏலத்துக்கு வந்ததில்லை போலிருக்கிறது.