தண்ணீரில் போட்ட கற்கண்டு

கோணல்மாணலான கற்கண்டுக் கட்டியின் கனஅளவை என் மகள் அன்று பள்ளிக் கண்காட்சியில் அளந்து காட்ட வேண்டும். வீட்டில் ஒத்திகை. அளவு ஜாடியில் தண்ணீர் ஊற்றிக் கட்டியைப் போட்டேன். ஏறிய அளவைப் படிப்பதற்குள் கட்டி கரையத் தொடங்கியது.

"கரையும்னு அப்பவே சொன்னேனுங்கம்மா. எண்ணெயில போடோணும்."

"சும்மா இரு கண்ணு, எனக்குத் தெரியும்!"

மேட்டுப்பாளையத்து மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்திருந்தது. உருக்க நேரமில்லை. பாட்டிலை மேசையில் குத்தினேன். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா கடலை எண்ணெயோடு வந்தார்.

"ஏனுங்க அம்மணி, எண்ணெய்கிட்டக் கோவிச்சு என்ன பண்றது? இது உறையாதுங்க."

மகள் அதை வாங்கிக்கொண்டாள். "கத்தமாட்டீங்கன்னா ஸ்கூலுக்கு வாங்கம்மா."

போனேன். அவள் அளந்து முடிக்கும்வரை பின்வரிசையில் வாய் திறக்காமல் நின்றேன். அன்று நான் செய்த ஒரே உதவி அதுதான்.