“சே அகெய்ன், சேர்” சொல்லப் பழகின வெள்ளிக்கிழமைகள்

இங்கே நாங்கள் சூரியன் உதிக்கிற பக்கம் பார்த்துத் தொழுகிறோம். கிண்ணியாவில் புத்தி தெரிந்த நாள் தொட்டு மேற்கே முகம் வைத்துத் தொழுதவன் நான். ஜித்தாவுக்கு வந்த முதல் நாள், பழக்கத்தில் மேற்கே பாயை விரித்துவிட்டேன். அறையில் இருந்த யெமன்காரர் சிரித்துக்கொண்டு பாயின் நுனியைப் பிடித்து முழுதாகத் திருப்பி வைத்தார். மக்கா இங்கேயிருந்து கிழக்கே, பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ், நினைக்கும்போது இன்னும் உடம்பு சிலிர்க்கிறது.

இப்போது இன்னொரு சந்தோஷமும் சேர்ந்திருக்கிறது. துறைமுக வேலைக்கு வந்த எங்கள் பக்கத்து ஆட்களுக்கு, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, எங்கள் அறையில் நான் இங்கிலீசு சொல்லிக் கொடுக்கிறேன். ஏழாம் வகுப்போடு நின்றவன் மாஸ்டராகிவிட்டான் என்று கேட்டால் ஊரில் என் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள். எனக்கு இங்கிலீசு வந்தது திருகோணமலைத் துறைமுகத்தில். கோதுமைக் கப்பல் வந்தால் மேல்தட்டில் நின்று, பாரம் தூக்கும் வின்ச்காரனுக்குச் சைகை காட்டுவது என் வேலை. கிரேக்கன் வருவான், ஜப்பான்காரன் வருவான், ஒருவனுக்கும் இங்கிலீசு ஒழுங்காக வராது. அதனால் யாருக்கும் வெட்கமில்லை. ஒருவன் சொன்னதை மற்றவன் திருப்பிச் சொன்ன பிறகுதான் அங்கே கம்பிக்கயிறு அசையும்.

வகுப்பில் என்னைக் கவலைப்படுத்தினவர் சின்னத்துரை. அண்ணன் முறை வைத்து என்னை ‘நானா’ என்று கூப்பிடுகிறவர். தம்பலகாமத்தில் உழவு மெஷின் ஓட்டினவர். இங்கே மூட்டை சுமந்து முதுகு போய்விட்டது. கிரேன் ஓட்டும் வேலை கிடைத்தால் நிற்கலாம், கிடைக்காவிட்டால் ஊருக்குத்தான். அந்த வேலைக்கான சோதனையில், “பாரம் கட்டியாச்சா?” என்று வெள்ளைக்கார இஞ்சினியர் இங்கிலீசில் கேட்க, இவர் விளங்காமலே “யெஸ் சேர்” என்றிருக்கிறார். பாரம் கட்டியிருக்கவில்லை. நல்லகாலம், தூக்குமுன் ஒருவர் கண்டுவிட்டார். இன்னும் ஒரு தரம் பார்ப்பேன், அதுவே கடைசி என்று சொல்லி இறக்கிவிட்டார் இஞ்சினியர்.

“விளங்காமல் ஏன் தம்பி யெஸ் எண்டு சொன்னீங்க?”

“பெரிய மனிசன் கேக்கிறார், நானா. முகத்துக்கு நேரே இல்லையெண்டு சொல்ல ஏலாது.”

எனக்கு அது நன்றாக விளங்கியது. வீட்டில் மாமா ஒன்றைச் சொன்னால், காதில் விழாவிட்டாலும் “ஓம் மாமா” என்றுதானே நாங்கள் வளர்ந்தோம். அந்த மரியாதையை இந்த வெள்ளைக்காரர் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

வெறுங் கோப்பையைத் தூக்கிக் காட்டி, “இதில் தேத்தண்ணி இருக்கா?” என்று இங்கிலீசில் கேட்டேன். வகுப்பே ஒரே குரலில் “யெஸ் சேர்” என்றது.

மூதூர் ஹனிபா சிரிப்பை அடக்கிக்கொண்டு, “சின்னத்துரை, வீட்டில மனிசிக்கும் யெஸ் சேர்தானோ?” என்றான்.

“அவவிட்ட அதுதான் எனக்குப் பாதுகாப்பு” என்றார் சின்னத்துரை.

அன்றைக்குப் புதுச்சொல் ஒன்றும் படிப்பிக்கவில்லை. “நோ சேர். சே அகெய்ன், சேர்” என்பதை மட்டும், பள்ளியில் ஓதுகிற மாதிரித் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். சின்னத்துரைக்கு முதலில் சத்தமே வரவில்லை. பிறகு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

சோதனை நாள். கடற்காற்று இரைந்தது. சின்னத்துரை மேலே கிரேனில், நான் கீழே துஆ ஓதிக்கொண்டு. இஞ்சினியர் ஏதோ வேகமாகச் சொன்னார். எனக்கே விளங்கவில்லை. சின்னத்துரையின் வாய் “யெ” என்று திறந்ததைக் கண்டேன். அவர் வாயை மூடினார். யன்னலால் தலையை நீட்டி, துறைமுகமே கேட்கிற மாதிரி, “நோ சேர். சே அகெய்ன், சேர்” என்றார்.

இஞ்சினியர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். சின்னத்துரை அதை அப்படியே திருப்பிச் சொல்லி, பாரத்தைப் பூப்போலத் தூக்கி வைத்தார். வேலை அவருக்குத்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பில், “வேர் இஸ் யுவர் ஹவுஸ்?” என்று அவரிடம் கேட்டேன்.

“நோ சேர். சே அகெய்ன்.” நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். திரும்பக் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, அஸர் தொழுகைக்காக நான் விரித்திருந்த பாயைக் காட்டினார்.

“நீங்கள் கும்பிடுற பக்கம்தானே, நானா, எங்கட ஊரும்?”

எனக்கு அது தோன்றவேயில்லை. கிழக்கே மக்கா. அதையும் தாண்டி, அதே பக்கம் கடல்களுக்கு அப்பால், கிண்ணியா. பாங்கு கேட்டது. எழும்பி நின்றேன். மனதில் வைத்த நிய்யத்து கஃபாவுக்குத்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் தொழுது, ஸலாம் கொடுத்து முடித்த பிறகும், அந்தப் பக்கமிருந்து முகத்தைத் திருப்ப மனம் வராமல் பாயிலேயே இருந்தேன்.