குளுவாங்கில் வாசித்த மூன்றாம் பக்கம்

சனிக்கிழமை காலை எட்டு மணி. ஜொகூர் பாரு ரயில் நிலையத்தில் மூன்றாம் வகுப்புச் சீட்டு வாங்கி, தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தேன். குளுவாங் இங்கிருந்து ஏறக்குறைய எழுபது மைல். பெட்டியில் மாற்று வேட்டியும் சட்டையும் ஒரு மூலையில் கிடந்தன. மற்றதெல்லாம் பியானோ இசைத் தாள்கள்.

நான் எதற்காகப் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்க் கொட்டகையில் ஊமைப் படங்களுக்குப் பல வருடம் பியானோ வாசித்தவன் நான். திரைக்குக் கீழே, இருட்டில், ஜனங்களுக்கு முதுகைக் காட்டியபடி வாசிக்க வேண்டும். கூச்சம் உள்ளவனுக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது. எல்லோரும் அறிந்த மெட்டை வாசித்தால் ஜனங்கள் கூடவே பாட ஆரம்பித்துப் படத்தைக் கெடுத்துவிடுவார்கள். ஆகவே யாரும் கேட்டிராத இசையாகத் தேடினேன். ஊர் திரும்பும் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போகும் தாள்கள் சிங்கப்பூர்ப் பழைய சாமான் கடைகளில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். கட்டு முப்பது காசு. பெயர்பெற்றவை முன்பே விலைபோயிருக்கும். யாருக்கும் வேண்டாதவை எனக்கு வந்து சேரும். அவற்றில் ஒன்று, ஏதோ குளிர் நாட்டுப் பெண்மணி எழுதியது. அவள் பெயரை எனக்கு இன்னும் சரியாகச் சொல்ல வராது. சங்கீதம் படித்த பாதிரியார் ஒருவரிடம் காட்டினேன். அப்படி ஒருத்தி இருந்ததே தெரியாது என்றார்.

ஆனால் கொட்டகையில் எதையும் முழுதாக வாசித்ததில்லை. குதிரை ஓடும்வரை ஒரு துண்டு, குதிரை நின்றதும் வேறொரு துண்டு. எங்கே வெட்டுவது என்று தாளில் பென்சில் கோடு போட்டு, பக்கத்தில் ‘குதிரை’, ‘தீ’, ‘ஏணி’ என்று எழுதி வைத்திருப்பேன். கோட்டுக்கு அப்பால் இருப்பதைப் பகலில், காலிக் கொட்டகையில், எனக்காக மட்டும் வாசிப்பேன்.

பேசும் படம் வந்ததும் கொட்டகைப் பியானோவை விற்றுவிட்டார்கள். எனக்கென்று பியானோ கிடையாது. சாப்பாட்டு மேசைமேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் குளுவாங் ரயில்வே ஊழியர் மன்றத்தின் காரியதரிசி செல்லத்துரை, யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் ஊருக்கு வந்திருந்தவர், தங்கள் மன்றத்தில் ஒரு பியானோ சும்மா கிடப்பதாகச் சொன்னார்.

கூலாய் தாண்டினால் இரு பக்கமும் ரப்பர்தான். ரப்பர் விலை விழுந்திருந்த சமயம் அது. பல தோட்டங்களில் பாலுக்காக மரம் வெட்டவில்லை. பால் பிடிக்கும் மங்குகள் மரத்தடியில் கவிழ்ந்து கிடந்தன. லாயாங் லாயாங்கில் மழை பிடித்து, ரெங்கத்தில் விட்டது. ரெங்கத்தில் ஜன்னல் வழியே மூன்று காசுக்கு ஒரு கோப்பி வாங்கிக் குடித்தேன். சூடு இருந்தது, இனிப்பு இல்லை.

நண்பகலுக்குச் சற்று முன்பு குளுவாங். நிலையத்தின் பின்னால் லம்பாக் மலை மேகத்துக்குள் பாதி நின்றது. செல்லத்துரை ஒரு லாரியோடு வந்திருந்தார். ஓட்டியவர் மாரிமுத்து. தோட்டத்து ரப்பரை ஜொகூர் பாருவுக்கு ஏற்றிப் போகிறவர்.

“பெட்டிய குடுங்கண்ணே. இவ்ளோ கனமா இருக்கே, கல்லா வெச்சிருக்கீங்க?”

“பாட்டு,” என்றேன்.

“பாட்டு இவ்ளோ கனமா லா?” என்று சிரித்தார்.

ஒரு மணிக்கு மன்றம். மரத்தூண், தகரக்கூரை, நீண்ட கூடம். மூலையில் பியானோ. கறையானும் எறும்பும் ஏறாமல் இருக்க அதன் கால்களுக்கு அடியில் தகரக் கிண்ணங்கள் வைத்திருந்தார்கள். மண்ணெண்ணெய் ஊற்றும் கிண்ணங்கள். நான்கும் வறண்டு கிடந்தன. பக்கத்து அலமாரியின் கிண்ணங்களில் மட்டும் எண்ணெய் தளும்பியது. பியானோவைச் சுற்றி ஒருவர் அளவு நாடா பிடித்துக்கொண்டிருந்தார். மன்றத்தின் பொருளாளர் கந்தையா.

“குறை நினையாதேங்கோ மாஸ்டர். பில்லியர்ட் மேசைக்கு இடம் பாக்கிறன்.”

செல்லத்துரை என்னைத் தனியே அழைத்துப்போய்ச் சொன்னார். “நாளைக்குக் காலமை கொமிட்டி கூடுது. இண்டைக்குச் சனம் எழும்பாமல் கடைசி மட்டும் இருந்து கேட்டால் பியானோ நிக்கும். நீங்களும் மாசம் ஒருக்கா வந்து வாசிக்கலாம். எழும்பிப் போச்சுதெண்டால் மேசைதான்.”

“அதில இவ்வளவு நாளும் ஆர் வாசிச்சது?” என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார் கந்தையா. “மன்றத்துப் பூனை மட்டும்தான் மேல நடந்து திரிஞ்சது.”

மாலை ஆறரை. அறுபது பேராவது இருப்பார்கள். ரயில்வே குடும்பங்கள், தோட்டத்திலிருந்து சிலர். விளக்குகள் எல்லாம் எரிந்தன. இத்தனை வெளிச்சத்தில் நான் வாசித்ததே இல்லை. பியானோவைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போடச் சொல்லிப் பார்த்தேன். நடக்கவில்லை. முதல் பாட்டுக்கு நாற்காலிகள் கிறீச்சிட்டன. யாரோ கொட்டாவி விட்டதுகூடக் கேட்டது.

இரண்டாவதாக அந்தக் குளிர் நாட்டுப் பெண்மணியின் பாட்டை எடுத்தேன். ஸ்வரம் ஒவ்வொரு படியாக மேலே ஏறும். பாதி வரி போயிருக்கும்.

“அலமாக்! குண்டன் ஏணியில ஏர்றான்டா!” பின்வரிசையிலிருந்து மாரிமுத்துவின் குரல்.

கூடம் முழுவதும் சிரிப்பு வெடித்தது. எனக்கு அப்புறம்தான் விளங்கியது. ரயில்வேக்காரர்களுக்கு இலவச ரயில் பாஸ் உண்டு, மாரிமுத்துவுக்கு லாரி உண்டு. ஞாயிறு தோறும் குடும்பத்தோடு ஜொகூர் பாருவுக்கு வந்து படம் பார்த்துவிட்டுப் போனவர்கள் இவர்கள். குண்டன் ஏணி ஏறும் வேடிக்கைப் படத்துக்கு நான் வாசித்தது இந்தப் பாட்டைத்தான். என் முகத்தை அறியாவிட்டாலும் என் பாட்டெல்லாம் இவர்களுக்குத் தெரியும்.

“சுண்ணாம்பு வாளியோட ஏறுவானே!”

“கீழ நாய் வேற நிக்கும்ல!”

“கேட்டியளோ காரியதரிசி? படம் இல்லாமல் பாட்டு என்னத்துக்கு?” என்றார் கந்தையா.

இரண்டாம் பக்கத்தின் அடியில் என் பென்சில் கோடு வந்தது. குண்டன் விழும் இடம். பழக்கத்தில் தலையை நிமிர்த்தித் திரையைத் தேடினேன். பக்கச் சுவரும் அதில் ஒட்டிய ரயில் நேர அட்டவணையும்தான் இருந்தன. கை தானாக நின்றுவிட்டது.

“ஏண்ணே நிறுத்திட்டீங்க? விழுந்துட்டானா?”

மறுபடி சிரிப்பு. யாரோ எழுந்திருக்கும் ஓசை. எனக்குக் காது சுட்டது. இருந்தாலும் பதில் சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேனோ தெரியாது.

“படத்துலதான் விழுந்தான். பாட்டுல இன்னும் ஏறிக்கிட்டுத்தான் இருக்கான்.”

பிறகு மாரிமுத்து, “அப்ப வாசிங்க லா! எவ்ளோ உயரம் போறான்னு பாத்துருவோம்,” என்றார்.

பக்கத்தைத் திருப்பினேன். மூன்றாம் பக்கத்தில் இடது கை அநேகமாக ஓய்ந்துவிடும். வலது கை மட்டும் ஒவ்வொரு படியாக, படிக்குப் படி நின்று நின்று ஏறும். கொட்டகையில் நான் விரட்டி வாசித்த அதே படிகள்தான். அந்தப் பெண்மணி எழுதிய வேகத்தில் வாசித்தால் அவற்றில் வேடிக்கை இல்லை. யாரையோ தேடிப் போகிறவன் நடை அது. உச்சியில் ஒற்றை ஸ்வரம் நெடுநேரம் நிற்கும். அதோடு பாட்டு முடிந்தது. கையை எடுத்த பிறகும் அது கூடத்தில் இருந்தது.

கை தட்டவில்லை. கொட்டகைப் பியானோக்காரனுக்குக் கை தட்டி அவர்களுக்குப் பழக்கமில்லை. எழுந்தவர் நின்றபடியே கேட்டிருந்தார். மெல்ல உட்கார்ந்தார். முன்வரிசையில் ஒரு அம்மாள் கேட்டார்:

“தம்பி, வீடு தீப்பிடிக்கிற பாட்டு ஒண்டு வாசிப்பியளே, அதின்ர மிச்சமும் இருக்கோ?”

“இருக்குங்க.”

“குதிரைக்கு?” என்றது இன்னொரு குரல்.

“அதுக்கு நாலு பக்கம் இருக்கு.”

ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஒவ்வொன்றின் மிச்சத்தையும் வாசித்தேன். கோடு வரும் இடத்தில் கூடம் அமைதியாகும். அதற்கு மேல் அவர்களும் நானும் ஒன்றாகப் போவதுபோல இருந்தது. அழுத குழந்தையைத் தூக்கிப் போனவர்களைத் தவிர ஒருவரும் எழவில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணி. தாள்களை எடுக்க மன்றத்துக்குப் போனேன். கொமிட்டி கலைந்திருந்தது. பியானோவின் அடியில் கந்தையா மண்டியிட்டுக்கொண்டு, கிண்ணங்களில் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“கறையான் திண்டால் என்னைத்தானே சொல்லுவியள்,” என்றார். நான்காவது கிண்ணத்தையும் நிரப்பிவிட்டு, “அடுத்த மாசம் வரேக்க கொஞ்சம் வெள்ளெனத் தொடங்குங்கோ,” என்றார்.

மாரிமுத்து என்னை நிலையத்தில் இறக்கிவிட்டார். பெட்டியை ஏற்றிவிட்டு ஜன்னல் அருகே நின்றார்.

“அண்ணே, குண்டன் ஏறுனான் சரி. கடைசி வரைக்கும் இறங்கவே இல்லையே?”

“எழுதுன அம்மா இறக்கல. மேலயே விட்டுட்டாங்க.”

“பாவம் லா.” கொஞ்சம் யோசித்தார். “அடுத்த மாசம் வந்து இன்னொரு தடவ வாசிங்க. மேல நின்னு எதப் பாக்குறான்னு தெரியல.”

வண்டி புறப்பட்டது. வீட்டில் எனக்காக அதே சாப்பாட்டு மேசைதான் காத்திருந்தது. ஆனாலும் இனி அதன்மேல் விரல் ஓட்டுவது பயிற்சி ஆகும். பெட்டியைத் திறந்து, தாள்களை மடியில் பரப்பி, அழிரப்பரை எடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்கள் ஓடின. ரெங்கம் வருவதற்குள் ‘ஏணி’ அழிந்துவிட்டது. கூலாய் வரும்போது ‘தீ’யும் போய், ‘குதிரை’யில் பாதி மிச்சமிருந்தது.