முதல் பக்கத்தில் வந்த பெயர்

நெய்வேலி குவார்ட்டர்ஸில் இருக்கும் நான், சுரங்க ஒப்பந்தத் தொழிலாளர்களின் குறைகளை வலைப்பூவில் எழுதிவருகிறேன். "எதையும் தேடிப் பிடிக்க முடியல மேடம். புதுக் கமெண்ட்டையெல்லாம் முதல் பக்கத்துலயே காட்டுங்க" என்று ஒரு வாசகர் கேட்டார். நல்ல யோசனை என்று மகிழ்ந்து, அப்படியே மாற்றினேன்.

மறுநாள், பக்கத்து ஊரான வடக்குத்தைச் சேர்ந்த தொழிலாளி செல்வம், தூசிக்கு மாஸ்க்கூடத் தருவதில்லை என்று பழைய பதிவொன்றின் கீழே சொந்தப் பெயரில் எழுதினார். அது முதல் பக்கத்தில் வந்து நின்றது. மாலைக்குள் கான்ட்ராக்டர் அவருடைய கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார். யோசனை சொன்ன வாசகர், அந்தக் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசராம்.

விசாரிக்கப் போனேன். "வேலையில்லாம வூட்ல குந்திகினு இருக்காரு. இதையும் முதல் பக்கத்துல போடுங்க மேடம்" என்றார் செல்வத்தின் மனைவி.

இப்போதெல்லாம் பெயரை நீக்கிவிட்டுத்தான் கருத்துகளை வெளியிடுகிறேன். ஆனால் தொழிலாளர்கள் யாரும் எழுதுவதில்லை; வருவது அந்த சூப்பர்வைசரின் பாராட்டு மட்டும்தான்.